பைரியின் காலில் கிடக்கும் வளையம்

இங்கிலாந்தில் ஒரு பறவைக் காட்சிக்குப் போயிருந்தேன். கையுறையில் உட்கார்ந்திருந்த பைரியை (ஆங்கிலத்தில் பெரிகிரின் ஃபால்கன் என்னும் வேட்டைப் பறவை) எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் வாருக்குப் பக்கத்தில் மெல்லிய உலோக வளையம் ஒன்று, அதில் எழுத்தும் எண்ணும். "இதை எப்படி மாட்டினீர்கள்?" என்று வளர்ப்பவரிடம் கேட்டேன். "இப்போது மாட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அந்தப் பெருமையில் பாதி நியாயம். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூடிய வளையம் என்பது ஒட்டோ வெட்டோ இல்லாத முழு வட்டம். குஞ்சு பொரிந்த முதல் சில நாட்களிலிருந்து ஒன்றிரண்டு வாரங்களுக்குள், விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் வளையம் நுழையும் அளவுக்குப் பாதம் சின்னதாக இருக்கும்போதே மாட்டிவிட வேண்டும். நாள் தவறினால் நுழையாது. முந்திவிட்டால் கழன்று கூட்டில் கிடக்கும். பைரியில் இன்னொரு சங்கடமும் உண்டு. பெட்டை பெரியது, ஆண் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சின்னது. ஆண் பைரிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டியர்சல்' என்ற பெயரே 'மூன்றில் ஒன்று' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். வளையத்தின் அளவு பாலுக்குப் பால் மாறும். பஞ்சுப் பொதி மாதிரிக் கிடக்கும் குஞ்சைப் பார்த்து ஆணா பெண்ணா என்று வளர்ப்பவர் அப்போதே தீர்மானித்தாக வேண்டும். தப்பினால் வளர்ந்த பிறகு வளையம் காலை இறுக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதியில் (எண் 865) இதற்கு ஒரு வரையறை இருக்கிறது. பிறந்த முதல் நாட்களில் போட்டது, இடையில் யாரும் கைவைக்காதது, கால் முழுதாக வளர்ந்தபின் கழற்ற முடியாத அளவுள்ளது என்று சொல்கிறது. சட்டம் எழுதியவர்கள் முத்திரைக்கும் அரக்குக்கும் பதிலாகப் பறவையின் எலும்பு வளர்ச்சியையே பூட்டாக்கியிருக்கிறார்கள். நான் படித்த சட்ட வாசகங்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இது ஒன்று. வளையம் போட வழியில்லாத பறவைக்கு மைக்ரோசிப் வைக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது.

பிரிட்டனில் அடிப்படைச் சட்டம் 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, கிராமப்புறச் சட்டம். அதன் 7ஆம் பிரிவை அங்கே பறவை வளர்ப்பவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நான்காம் அட்டவணையில் உள்ள பறவையைப் பதிவு செய்யாமலோ, விதிப்படி வளையமோ அடையாளமோ இடாமலோ வைத்திருந்தால் குற்றம். விற்க வேண்டும் என்பதில்லை, வைத்திருப்பதே குற்றம். குறிப்பிட்ட சில பறவைக் குற்றங்களில் தண்டனை பெற்றவர் 5 ஆண்டுகளுக்கு அந்த அட்டவணைப் பறவை எதையும் வைத்திருக்கக் கூடாது. வேறு சில குற்றங்களுக்கு 3 ஆண்டுகள்.

இதே சட்டத்தில் இதைவிடக் கூர்மையான இடம் ஒன்று உண்டு. ஒரு பறவையை 'கூண்டில் பிறந்தது' என்று எப்போது ஏற்பது? முட்டையிட்ட நேரத்தில் அதன் தாயும் தகப்பனும் சட்டப்படி கூண்டில் இருந்திருந்தால் மட்டும்தான். அதாவது கேள்வி குஞ்சைப் பற்றியது அல்ல, முட்டையைப் பற்றியது. வளையமோ குஞ்சின் காலில்தான் ஏறுகிறது.

மலை முகட்டிலோ பழைய கல் குவாரியிலோ இருக்கும் கூட்டுக்குக் கயிறு கட்டி ஒருவன் இறங்குகிறான் என்று வையுங்கள். பத்து நாள் குஞ்சை எடுத்து வருகிறான். வீட்டில் ஏற்கனவே பதிவான ஜோடி ஒன்று இருக்கிறது. வளையத்தை மாட்டுகிறான், 'என் ஜோடி பொரித்தது' என்று படிவத்தை நிரப்புகிறான். வளையம் அசல், எண் அசல், படிவமும் அசல். குஞ்சு மட்டும் திருட்டு. வளையம் சொல்வதெல்லாம் 'இந்தப் பறவை குஞ்சாக இருந்தபோது ஒரு மனிதன் பக்கத்தில் இருந்தான்' என்பதை மட்டும்தான். அந்த மனிதன் வளர்ப்பவனா திருடனா என்று அதற்குத் தெரியாது.

இது கற்பனை வாதம் இல்லை. 1990களின் தொடக்கத்திலேயே பிரிட்டனில் ரத்த மாதிரி எடுத்து டிஎன்ஏ பார்த்தபோது, கூண்டில் பிறந்தவை என்று காட்டப்பட்ட குஞ்சுகள் சிலவற்றுக்கும் அவற்றின் 'பெற்றோருக்கும்' எந்த உறவும் இல்லை என்று தெரிந்தது. வழக்குகள் நடந்தன, தண்டனைகள் வந்தன. 2000ஆம் ஆண்டில் வந்த திருத்தம், சந்தேகப்பட்ட பறவையிடமிருந்து மாதிரி எடுக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்கும் ஆய்வாளர்களுக்கும் தெளிவாகக் கொடுத்தது. பிறகு 2021இல், ஸ்காட்லாந்தின் தென் எல்லைப் பகுதியில் கூடுகள் காலியாகிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்து ஒரு வீட்டில் சோதனை. அங்கே கிடைத்த பைரிக் குஞ்சுகள் காட்டுக் கூடுகளிலிருந்து வந்தவை என்று டிஎன்ஏ காட்டிக்கொடுத்தது. 2024இல் தண்டனை விதித்தார்கள். சிறை இல்லை, ஊதியமில்லாத சமுதாயப் பணி. வளைகுடா நாடுகளில் பந்தயப் பறவைக்கு இருக்கும் கிராக்கியையும் இந்தத் தண்டனையையும் தராசில் வைத்துப் பார்த்தால் எந்தத் தட்டு தாழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு தடவையும் உண்மையைச் சொன்னது டிஎன்ஏ. இரண்டு தடவையும் யாரோ சந்தேகப்பட்ட பிறகுதான் அது பேசியது. சந்தேகம் வராத கூண்டில் வளையம் சொன்னதே வேதவாக்கு.

இப்போது எதிர்த்தரப்பு. 'வளர்ப்பதையே தடை செய்துவிட்டால் என்ன?' என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு ஒரே பதில்தான். டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பைரி கூடு கட்டுவதே நின்றுபோனது. 1972இல் அங்கே அந்த மருந்துக்குத் தடை வந்தது. ஆனால் தடையால் மட்டும் பறவை திரும்பிவிடவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் போன்றவர்கள் பைரியைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்யவைத்து, ஆயிரக்கணக்கான குஞ்சுகளைக் காட்டில் விட்டார்கள். கேட் தானே பறவை பழக்கி வேட்டையாடியவர். பைரியைப் பழக்கத் தெரிந்த கைகள் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது. 1999இல் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து பைரி நீக்கப்பட்டது. வளர்ப்பவர்களைத் திருடர்கள் என்று மொத்தமாக முத்திரை குத்துவது நன்றிகெட்ட வேலை.

'படிவம் படிவம் என்று உயிரை வாங்குகிறார்கள்' என்ற பிரிட்டன் வளர்ப்பவர்களின் புலம்பலிலும் நியாயம் இருக்கிறது. 1981 சட்டம் வந்தபோது ஏறக்குறைய எல்லாப் பகல்நேர இரைகொல்லிப் பறவைகளும் நான்காம் அட்டவணையில் இருந்தன. 1994இல் பட்டியலைக் குறைத்தார்கள். 2008இல் இங்கிலாந்தில் ஒன்பது இனங்களோடு நிறுத்தினார்கள். பொன்னிறக் கழுகு, வெண்வால் கழுகு, விரால் அடிப்பான், கோஷாக், பைரி, மெர்லின், தேன் பருந்து, பூனைப்பருந்துகளில் இரண்டு. குறைத்தது சரிதான் என்பது என் கருத்து. எண்ணிக்கையில் குறைவாகவும் திருடுவதற்கு ஆசை காட்டுவதாகவும் இருக்கும் பறவைகளின் மேல் கண் வைப்பதே புத்தி. எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொன்னால் எதையும் யாரும் சரிபார்க்க மாட்டார்கள்.

ஆனால் 'அட்டவணையிலிருந்து எடுத்தாலும் சான்றிதழ் முறை இருக்கிறதே, போதாதா?' என்று ஒரு வாதம் வரும்போது நான் முரண்படுகிறேன். அந்தச் சான்றிதழ், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975இல் அமலுக்கு வந்த சைட்டிஸ் ஒப்பந்தத்தின் வழி வருவது. பைரி அதன் முதல் இணைப்பில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில், இருக்கிறது. ஐரோப்பிய விதிகளின்படி இத்தகைய பறவையை விற்கவோ காசுக்குக் காட்சி வைக்கவோ சான்றிதழ் வேண்டும். சும்மா வீட்டில் வைத்திருந்தால்? வேண்டாம். பதிவு, பறவை இருக்கும் இடத்தைக் கேட்கிறது. சான்றிதழ், பறவை கைமாறும் கணத்தை மட்டும் கேட்கிறது. திருட்டுக் குஞ்சு ஒளிந்திருப்பது அந்த இடைவெளியில்தான்.

அமெரிக்கர்கள் வேறு வழி பிடித்தார்கள். உரிமம் உள்ளவர் அளவோடு காட்டுப் பறவையையே பிடிக்க அனுமதி உண்டு. ஆனால் பைரி, ஜைர்ஃபால்கன், கோஷாக், ஹாரிஸ் பருந்து ஆகியவற்றைக் காட்டிலிருந்து பிடித்தால், திரும்பப் பயன்படுத்த முடியாத எண்ணிட்ட அரசாங்க வளையம் கட்டாயம். கூண்டில் பிறந்ததற்குத் தனியாக ஒட்டில்லாத உலோக வளையம். பறவை வந்தாலும் போனாலும் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வளையம் தொலைந்தால் 5 நாளுக்குள். 'காட்டிலிருந்து வந்தேன்' என்று உண்மையைச் சொல்லவும் அங்கே ஒரு வளையம் இருப்பதால், பொய் சொல்ல வேண்டிய அவசியம் குறைகிறது. இதை அப்படியே பிரிட்டனில் நடலாமா என்றால், வேண்டாம் என்பேன். அது பெரிய நிலம், பறவையும் ஏராளம். அந்த எண்ணத்தின் நேர்மை மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

2002 முதல் ஐக்கிய அரபு அமீரகத்தில் வேட்டைப் பறவைக்குப் பாஸ்போர்ட்டே கொடுக்கிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் வளைய எண்ணும் பறவையும் ஒரே தாளில் எல்லை தாண்டுவது நல்ல யோசனைதான்.

நான் கேட்பது இவ்வளவுதான். அட்டவணையில் இருக்கும் அந்தச் சில இனங்களுக்கு, இனப்பெருக்க ஜோடியின் டிஎன்ஏ ஒருமுறை, பதிவின்போதே வாங்கி வையுங்கள். பிறகு குஞ்சு பதிவாகும்போது அதனுடையதையும். எல்லாவற்றையும் பரிசோதிக்கச் செலவாகும் என்றால் சீட்டுக் குலுக்கி நூற்றில் சிலவற்றைப் பாருங்கள். எந்தச் சீட்டு வரும் என்று தெரியாதவன் கயிறு கட்டி இறங்க யோசிப்பான். நேர்மையாக வளர்ப்பவருக்கும் இதனால் லாபமே. பக்கத்து வீட்டான் திருட்டுக் குஞ்சை மலிவாக விற்று அவர் பிழைப்பைக் கெடுக்க மாட்டான். ரத்தம் எடுப்பது பறவைக்குச் சித்திரவதை என்று சிலர் சொல்வார்கள். ரத்தமே வேண்டாம். உதிர்ந்த பெரிய இறகின் அடித்தண்டிலேயே போதுமானது கிடைக்கும்.

அந்தக் காட்சி முடிந்தபின் இதை அந்த வளர்ப்பவரிடமே சொன்னேன். வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். உள்ளே போய் நீளமான அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துவந்தார். பைரி உதிர்த்த இறகுகள், ஆண்டுவாரியாக நூல் சுற்றி. சிறகில் ஒன்று ஒடிந்தால் பழைய இறகை வைத்து ஒட்டுப்போடுவார்களாம், அதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

"பதிவு அலுவலகம் இதில் ஒன்று கேட்டால் கொடுப்பீர்களா?"

"இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லையே" என்றார்.