எந்த ஈஸ்ட்ரோஜன், எந்த வழியாக?

"ஹார்மோனா? வேண்டவே வேண்டாம், புற்றுநோய் வந்துவிடும்." மாதவிலக்கு நின்ற என் அக்காவிடம், அதன் தொல்லைகளுக்குத் தரும் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி உறவுக்காரப் பெண்கள் அத்தனை பேரும் சொன்னது இதுதான். இரவில் நாலைந்து முறை உடம்பு கொதித்து, நைட்டி நனைந்து எழுந்து உட்காருவாள். விடிந்ததும் பாடம் நடத்தப் போக வேண்டும். இரண்டு வருடம் இப்படியே போனது. நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2002-இல் அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். அந்தப் பெண்களின் சராசரி வயது 63. அவர்கள் விழுங்கியது சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும், மெட்ராக்சி புரொஜெஸ்டிரோன் என்ற செயற்கை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை. மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்கு 10,000 பேரில் 8 பேருக்குக் கூடுதலாக வந்தது. அந்த எட்டுப் பேரை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் கர்ப்பப்பை அகற்றியவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் சாப்பிட்ட இன்னொரு பிரிவில் பக்கவாதம் கூடியது, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இவ்வளவு வேறுபாட்டையும் "ஹார்மோன்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டோம்.

கொதிப்பையும் வியர்வையையும் அடக்குவதில் மாத்திரை, தோலில் தடவும் ஜெல், தோலில் ஒட்டும் பேட்ச் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். உடம்புக்குள் போகும் வழிதான் வேறு. விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போகிறது. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் அங்கே கூடுதலாகச் சுரக்கின்றன. அதனால் காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வரும் அபாயம் சற்று உயர்கிறது. தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் நேராக ரத்தத்தில் கலக்கிறது. வழக்கமான அளவில் இந்த அபாயம் உயர்வதாகக் கண்காணிப்பு ஆய்வுகளில் தெரியவில்லை. அக்காவுக்கு உடல் பருமனும் ரத்த அழுத்தமும் உண்டு. கடைசியாகப் பார்த்த மகப்பேறு மருத்துவர் இதைப் பொறுமையாக விளக்கி ஜெல் எழுதிக் கொடுத்தார். தடவிய இடம் காயும்வரை பேத்தியைத் தூக்கக் கூடாது என்றும் சொன்னார். பேட்ச் அவளுக்குச் சரிப்படவில்லை, வியர்வையில் உரிந்துவிட்டது.

கர்ப்பப்பை இருப்பவர்கள் மாத்திரை, ஜெல், பேட்ச் எதிலும் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கவே கூடாது. கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்து, அங்கே புற்றுநோய் வரலாம். கூடவே அந்தத் தடிப்பைத் தடுக்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனும் வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு, கல்லீரல் நோய் ஏற்கெனவே வந்தவர்கள் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

அம்மாவின் கதை வேறு. 74 வயது. திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று, ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக். பிறப்புறுப்பு வறண்டு எரிவதை மகள்களிடம்கூடச் சொல்லக் கூசியிருக்கிறாள். அதற்குக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது. உள்ளே தடவுவது, ரத்தத்தில் மிகச் சொற்பமே சேரும். வாரத்துக்கு இரண்டு முறை தடவுகிறாள். இந்த வருடம் இதுவரை ஒரு தொற்றும் வரவில்லை.