ஆல்ஃபாஃபோல்டும் ஆய்வகமும்

"ஆல்ஃபாஃபோல்டு வந்த பின் புரதங்களின் அமைப்பை அறிய ஆய்வகமே தேவையில்லை" என்று சிலர் கூறுவது சரியன்று. ஆல்ஃபாஃபோல்டு என்பது அமினோ அமில வரிசையைக் கொண்டு புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள். 1971-இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியில், எக்ஸ்கதிர்ப் படிகவியல் முதலிய சோதனைகளின் வழியாக ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டாகச் சேர்த்துவைத்த அமைப்புகளைக் கொண்டே அம்மென்பொருள் பயிற்சி பெற்றது; புரத அமைப்பைக் கணிக்கும் முறைகளைச் சோதிக்கும் காஸ்ப் (CASP) போட்டியில் 2020-ஆம் ஆண்டு அதன் திறன் அளக்கப்பட்டதும் சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டுத்தான். மேலும், அது கணிப்பது மடிந்து முடிந்த வடிவத்தையே. அமினோ அமிலச் சங்கிலி எவ்வெந்நிலைகளைக் கடந்து மடிகிறது என்பதை அன்று. ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 100 வரை நம்பக மதிப்பெண்ணை அதுவே தருகிறது. நிலையான வடிவமற்ற பகுதிகளில் அம்மதிப்பெண் பெரும்பாலும் 50-க்குக் கீழே இறங்கிவிடும்.