வாசிப்பை நிறுத்தினால் சொந்த நடை வருமா?

"மற்றவர்களை வாசித்தால் சொந்த நடை கெட்டுவிடும், எழுதும் காலத்தில் புத்தகத்தையே தொடாதீர்கள்" என்று எழுத வருபவர்களுக்கு ஒருவர் சொல்லியிருக்கிறார். தவறு. பிறர் சாயல் ஒட்டுவது நிறைய வாசிப்பதால் அல்ல, ஒரே ஒருவரை மட்டும் தொடர்ந்து வாசிப்பதால். வாசிப்பை விட்டால், விளம்பரத்திலும் செய்தியிலும் காதில் விழுந்த தேய்ந்த தொடர்கள்தான் வந்து உட்காரும்.

நடை ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று நான்கு எழுத்தாளர்களை மாற்றி மாற்றி வாசியுங்கள். பிடித்த பத்தி ஒன்றைக் கையால் பார்த்து எழுதி, வாக்கியத்துக்கு எத்தனை சொல், வினைமுற்று எங்கே விழுகிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று குறியுங்கள். பிறகு உங்கள் பழைய பக்கங்கள் பத்தை எடுத்து அதே கணக்கைப் போடுங்கள். வரிக்கு வரி 'இருந்தது', 'கொண்டிருந்தான்' என்றே முடிந்தால் ஓசை தட்டையாகிவிடும். கண்ணுக்கு இது பெரும்பாலும் சிக்காது. வாய்விட்டு வாசித்தால் நாக்கு காட்டிக்கொடுக்கும். இடறும் இடத்தைப் பேச்சில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி மாற்றிப் பாருங்கள். (முழுக்கப் பேச்சுவழக்கில் எழுதச் சொல்லவில்லை. அதுவும் ஓர் இரவல் நடையாகிவிடும்.)

முதல் வரைவில் வேறொருவர் சாயல் தெரிந்தால் பதற வேண்டாம், திருத்தும்போது வெட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வாரமாவது ஆறப்போடுங்கள். அன்றே உட்கார்ந்தால் எது இரவல் வரி என்று பிடிபடாது.