தரங்கம்பாடி கோட்டை டச்சுக்காரர் கட்டியதா?

"தரங்கம்பாடியில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை" என்ற வரியுடன் டேன்ஸ்பர்க் கோட்டையின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. அந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் டென்மார்க்கின் டேனிஷ்காரர்கள். டச்சுக்காரர்கள் நெதர்லாந்தைச் சேர்ந்தவர்கள். 'டேனிஷ்', 'டச்சு' இரண்டும் 'ட'வில் தொடங்குவதால் வந்த வினை போலும்!

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, ஓவே யெட்டே என்ற டேனிஷ் தளபதி இங்கே கோட்டை எழுப்பினார். அப்போது நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பஸ்ஸில் வந்து இறங்கிக் கடற்கரைக்கு நடந்தால், ராஜ வீதியின் முகப்பில் வெள்ளை நுழைவாயில் நிற்கும். அதன் நெற்றியில் டென்மார்க் அரச முத்திரை. கூடவே 1792 என்ற ஆண்டு. படம் எடுப்பவர்கள் சற்று அண்ணாந்து பார்த்திருக்கலாம்.

டச்சுக்காரர்கள் இந்தக் கரைக்கு வராதவர்கள் அல்லர். தெற்கே நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அவர்கள் கையில் இருந்தது. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் கோட்டைகளும் அவர்களுடையவையே. தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.