ஏசியை மட்டும் நம்பி நாயை விட்டுச் செல்ல வேண்டாம்
ஏசியை ஓடவிட்டுச் சென்றால் ஆர்வி எனப்படும், வீட்டு வசதிகள் கொண்ட பயண வண்டிக்குள் நாய் நாள் முழுக்கப் பாதுகாப்பாக இருக்கும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனெனில் அந்த ஏசி முகாமிடத்தின் மின் இணைப்பை நம்பித்தான் ஓடுகிறது. 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் வரைதான் தரும். கூரை ஏசியோடு மின்சார வாட்டர் ஹீட்டரும் மைக்ரோவேவும் சேர்ந்தாலே பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றுவிடும். கோடைப் பிற்பகலில் எல்லா வண்டிகளிலும் ஏசி ஓடும்போது மின்னழுத்தம் சரிந்து, வண்டியின் மின் பாதுகாப்புக் கருவியே இணைப்பைத் துண்டித்துவிடுவதும் உண்டு. அரிசோனாவில் ஒரு ஜூன் மாதம், இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று எங்கள் லாப்ரடாரை வண்டியில் விட்டுச் சென்றோம். திரும்பிக் கதவைத் திறந்ததும், ஏசி நின்றுபோயிருந்ததால் அனல் முகத்தில் அடித்தது, தண்ணீர்க் கிண்ணம் காலியாக இருந்தது, நாய் குளியலறைத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்து விடாமல் இரைத்துக்கொண்டிருந்தது. உடம்பை நனைத்து, விசிறிக் காற்று பட வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டு ஓடிக் காப்பாற்றினோம். ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும் என்று அந்தக் கட்டுரையின் கீழ் கருத்திட்ட ஒருவர் எழுதியிருக்கிறார். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதனால் வெப்பம் குறிப்பிடும்படி குறைவதில்லை. இப்போது சொந்த சிம்கார்டும் பேட்டரியும் உள்ள வெப்பநிலை எச்சரிக்கைக் கருவியை வைத்திருக்கிறோம், ஏனெனில் வண்டியின் வைஃபையை நம்பும் கருவி மின்சாரம் போனால் அதோடு சேர்ந்து அணைந்துவிடக்கூடும். நாயை வண்டியில் விடாமலும் சுற்றிப் பார்க்கலாம்: அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பில் ஆறடிக்கு மிகாத வாரில் கட்டி நாயை விளிம்புப் பாதையில் அழைத்துச் செல்லலாம். பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதைகளில் அனுமதி இல்லாததால், அங்கே நடக்க விரும்புவோர் தெற்கு விளிம்பிலுள்ள நாய்க் காப்பகத்தில் முன்கூட்டியே இடம் கேட்டு வைப்பது நல்லது.