ஆளில்லாத அரங்கில் ஒரு குஸ்தி

1981 ஏப்ரலில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஒரு குஸ்தி நடந்தது. ஏறக்குறைய 11,000 பேர் உட்காரக்கூடிய மிட்-சவுத் கொலீசியம் என்ற அந்த அரங்கில் அன்றைக்குப் பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. டெக்சாஸ்காரரான டெர்ரி ஃபங்க் என்ற குஸ்திக்காரர், இந்த ஊரில் நடுவரிலிருந்து போலீஸ்காரர் வரை எல்லோரும் ஜெர்ரி லாலரின் பக்கம்தான், இங்கே தனக்கு நியாயம் கிடைக்காது, துணிச்சல் இருந்தால் ஆளே இல்லாத அரங்குக்கு அவர் வரட்டும் என்று சவால் விட்டிருந்தார். வர்ணனையாளர் லான்ஸ் ரஸ்ஸலும் கேமராவும்தான் சாட்சி. உள்ளூர் மக்கள் 'கிங்' என்று கொண்டாடிய லாலர், கைதட்ட ஒருவரும் இல்லாத அந்த இடத்துக்கும் தலையில் கிரீடத்தோடுதான் வந்தார். எனக்கு அந்தக் காட்சியில் மிகவும் பிடித்தது அதுதான். விழுகிற ஒவ்வோர் அடியும் காலி நாற்காலிகளில் பட்டு எதிரொலிக்கிறது. ஃபங்க் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். கடைசியில் உடைந்த ஒரு மரத்துண்டை எடுத்து லாலரின் கண்ணில் குத்தப் பாய்கிறார். லாலர் அந்தக் கையை எட்டி உதைக்க, மரமுனை ஃபங்கின் கண்ணிலேயே போய் இறங்குகிறது. அதோடு சண்டை முடிந்துவிடுகிறது. ஒரு முரட்டு மனிதர் கண்ணைப் பொத்திக்கொண்டு "என் கண், என் கண்" என்று கதறுவது மட்டும் அந்தப் பெரிய கூடத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்தக் குஸ்தியில் எல்லாம் முன்பே பேசிவைத்ததுதான் என்பதால், ஃபங்கின் கண்ணுக்கு எதுவும் ஆகவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் யூடியூபில் முதன்முறை அதைப் பார்த்த இரவில் எனக்கு நெஞ்சு திக்கென்றது. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவன் நான். எங்களுக்கு ரெஸ்லிங் என்றால் கேபிள் டிவியில் வந்த டபிள்யூ டபிள்யூ எஃப். அதைவிட முக்கியமாக உயரம், எடை, பைசெப்ஸ், ரேங்க் எல்லாம் அச்சிட்ட ட்ரம்ப் கார்டு. தாரா சிங்கும் கிங்காங்கும் மோதிய கதைகளைக் கேட்டு வளர்ந்த என் அப்பாவோ, டிவியைக் கடந்துபோகும் போதெல்லாம் "பொய்ச்சண்டை" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போவார். தாரா சிங் விஷயத்தில் மட்டும் அந்த வார்த்தையை அவர் சொன்னதே கிடையாது. வளர்ந்த பிறகுதான், நாங்கள் பார்த்து வாயைப் பிளந்ததற்குப் பத்தாண்டுகளுக்கு முந்தைய ஒளிப்பதிவுகளைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். இந்தத் தொழிலின் பொற்காலம் 1984இல் ஹல்க் ஹோகன் பட்டம் வென்றபோது தொடங்கியது என்று பலரும் எழுதுகிறார்கள். அதற்கு முந்தைய நான்கைந்து ஆண்டுகளையே அந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்பதும், 1984இல் அது முடிந்தது என்பதும் என் கருத்து.

அன்றைய அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் இது விளங்கும். 1948இல் ஐயோவா மாநிலத்தின் வாட்டர்லூவில் கூடிய சில புரமோட்டர்கள் நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ் என்ற கூட்டணியை அமைத்தார்கள். நாட்டை எல்லைகளாகப் பிரித்துக்கொண்டு, ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கடை விரிப்பதில்லை என்பது அவர்களுடைய ஒப்பந்தத்தின் சாரம். அந்த எல்லைகளுக்கு டெரிடரி என்று பெயர். எண்பதுகளின் தொடக்கத்தில் டல்லாஸில் ஃப்ரிட்ஸ் வான் எரிக், ஃப்ளோரிடாவில் எடி கிரஹாம், போர்ட்லாந்தில் டான் ஓவன், சார்லட்டில் ஜிம் கிராக்கெட், கனடாவின் கால்கரியில் ஸ்டூ ஹார்ட் என்று ஆளுக்கொரு மண்டலம் இருந்தது. கூட்டணிக்கு வெளியே இருந்த மினியாபொலிஸின் வெர்ன் காக்னேவும், தனக்கென்று தனிப் பட்டம் வைத்திருந்த நியூயார்க்கின் மக்மேனும்கூடப் பெரும்பாலும் தங்கள் எல்லைக்குள்ளேயே நின்றார்கள். குஸ்திக்காரர் ஓர் ஊரில் சில மாதங்கள், அதிகம் போனால் ஓரிரு ஆண்டுகள் இருப்பார். மக்களுக்கு அவர் சலித்துப்போகும் நேரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த டெரிடரிக்குப் போய்விடுவார். அங்கே அவர் புது ஆள். இங்கே வில்லன், அங்கே நாயகன் என்பதற்கும் தடையில்லை, ஏனென்றால் ஓர் ஊரின் தொலைக்காட்சி மற்றோர் ஊரில் தெரியாது.

மெம்ஃபிஸில் சனிக்கிழமை காலைகளில் உள்ளூர் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து குஸ்தி நேரலையாக ஒளிபரப்பாகும். ரஸ்ஸலுக்குப் பக்கத்தில் அமர்ந்து வர்ணனை செய்த டேவ் பிரவுன், அதே நிலையத்தில் வானிலை சொல்பவர். மழை வரும் என்று சொன்ன அதே வாய்தான், திங்கட்கிழமை இரவு கொலீசியத்தில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கணக்குத் தீர்க்கப்படும் என்றும் சொல்லும். மக்கள் நம்பியதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். சனிக்கிழமை மூட்டிய பகைக்குத் திங்கட்கிழமை டிக்கெட் வாங்குவார்கள்; அடுத்த வாரமும் அதே மக்கள்தான் அதே நாற்காலிகளுக்கு வரவேண்டும். போன வாரம் சொன்னதை இந்த வாரம் மறந்துவிட்டு நடந்துகொள்ள அங்கே எவராலும் முடியாது. பார்ப்பவருக்கு எல்லாம் நினைவிருக்கும், கூட்டம் குறைந்தால் புரமோட்டருக்கு மறுநாளே தெரிந்துவிடும்.

இந்த நெருக்கம் ஆட்டத்தில் ஒரு சிக்கனத்தைக் கொண்டுவந்தது. எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி, தொடைகளுக்கு நடுவே தலையை இடுக்கிக்கொண்டு, உச்சந்தலை தரையில் மோதும்படி அப்படியே உட்கார்ந்துவிடும் பைல்டிரைவர் என்ற பிடி மெம்ஃபிஸில் தடை செய்யப்பட்டிருந்தது. போட்டவர் தோற்றதாக அறிவிக்கப்படுவார். வாங்கியவர் ஸ்ட்ரெச்சரில்தான் போவார். ஒரு பிடியை இப்படிக் கட்டிக்காத்ததால், லாலர் அதற்குக் குனியும்போதே அரங்கு எழுந்து நின்றுவிடும். இன்றைக்கு ஒரே ஆட்டத்தில் அதைவிடப் பயங்கரமான ஐந்தாறு பிடிகளை வாங்கிக்கொண்டு, இரண்டு எண்ணுவதற்குள் தோளைத் தூக்கி எழுந்துவிடுகிறார்கள். உடலால் இன்றைய ஆட்டக்காரர்கள் பன்மடங்கு திறமைசாலிகள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்த அடிக்கும் விலை இல்லாத இடத்தில் நான் எதற்காகப் பதற வேண்டும்?

அந்தப் பிடி அமெரிக்கா முழுவதும் பேசப்பட்டது 1982 ஏப்ரல் 5 அன்று. ஆண்டி காஃப்மன் என்ற நகைச்சுவைக் கலைஞர், தொலைக்காட்சித் தொடரால் நாடறிந்த முகம். தன்னைக் குஸ்தியில் வெல்லும் பெண்ணுக்கு 1,000 டாலர் தருவதாகச் சொல்லிப் பெண்களோடு மட்டுமே மல்லுக்கு நிற்பது அவருடைய வேடிக்கைகளில் ஒன்று. மெம்ஃபிஸுக்கு வந்தவர், அந்த ஊர் மக்களுக்குக் குளிக்கத் தெரியாது என்று பழித்து, சோப்புக்கட்டியைக் கையில் பிடித்துக்காட்டி, இதற்குப் பெயர் சோப்பு என்று பாடம் எடுத்து ஒளிப்பதிவு செய்து அனுப்பினார். நகரமே கொதித்தது. லாலர் அவரைக் களத்தில் தூக்கிப் போட்டு, பிறகு அந்தத் தடை செய்யப்பட்ட பிடியையும் போட்டார். விதிப்படி வென்றவர் காஃப்மன். ஆம்புலன்ஸில் போனவரும் அவரே. ஜூலையில் டேவிட் லெட்டர்மனின் இரவு நிகழ்ச்சியில் கழுத்துப் பட்டையோடு வந்து அமர்ந்தவரை, லாலர் அறைந்த அறை நாற்காலியிலிருந்து கீழே தள்ளியது. காஃப்மன் திரும்பி வந்து கெட்ட வார்த்தைகளால் அர்ச்சனை செய்து, லாலர் மீது காபியை வீசிவிட்டு ஓடினார்.

இருவரும் பேசிவைத்துச் செய்தது அது. காஃப்மன் 1984 மே மாதம் இறந்தார்; அதற்குப் பிறகும் லாலர் பல ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை. தொழிலின் ரகசியத்தை வெளியாருக்கு விடாமல் காப்பதற்குக் குஸ்திக்காரர்களின் குழூஉக்குறி கேஃபேப். வில்லனும் நாயகனும் ஒரே காரில் போகக் கூடாது, ஒரே ஹோட்டலில் சாப்பிடக் கூடாது. லூயிசியானா, ஒக்லஹோமா பக்கம் மிட்-சவுத் என்ற டெரிடரியை நடத்திய பில் வாட்ஸ், மதுக்கடைச் சண்டையில் அடி வாங்கிக்கொண்டு வரும் ஆளுக்கு வேலை கிடையாது என்று விதியே வைத்திருந்தார். இதையெல்லாம் மக்களை ஏமாற்றும் வேலை என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. கூத்தில் படுகளம் பார்ப்பவர், துரியோதனன் வேடம் கட்டியவர் காலையில் டீ குடிக்க வருவார் என்று அறியாமலா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்? கட்டிய வேடத்தை ஆட்டத்தின் நடுவே கலைக்கக் கூடாது என்பது மட்டுமே அவருடைய எதிர்பார்ப்பு.

உலகப் பட்டம் வைத்திருந்தவரின் வேலை இன்னும் நுட்பமானது. கூட்டணியின் சாம்பியன் ஊர் ஊராகப் போய், ஒவ்வோர் ஊரின் நாயகனோடும் மோதி, இன்னும் ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் நம்ம ஆள் ஜெயித்திருப்பான் என்று அந்த ஊரை நம்பவைத்துவிட்டு, பெல்ட்டோடு கிளம்பிவிட வேண்டும். 60 நிமிடங்கள் மோதிச் சமனில் முடிப்பது சாதாரணம். ரிக் ஃப்ளேர் இதில் மன்னர். 1981 செப்டம்பரில் டஸ்டி ரோட்ஸிடமிருந்து பட்டத்தை எடுத்த அவர், 1983 ஜூனில் ஹார்லி ரேஸிடம் அதை இழந்தார். ஃப்ளேரின் கதையை முடிப்பவருக்கு 25,000 டாலர் என்று ரேஸ் விலை வைத்ததாகக் கதை போனது. கிராக்கெட் இதையெல்லாம் திரட்டி, 1983 நவம்பர் 24 அன்று, நன்றி நவிலும் நாள் இரவில், கிரீன்ஸ்பரோ அரங்கில் ஸ்டார்கேட் என்ற பெருநிகழ்ச்சியை நடத்தினார். இரும்புக் கூண்டுக்குள் முகமெல்லாம் ரத்தமாக ஃப்ளேர் பட்டத்தை மீட்டார். அதே இரவில் ராடி பைப்பரும் கிரெக் வாலன்டைனும் நாய்க்குப் போடும் கழுத்துப் பட்டைகளை மாட்டிக்கொண்டு, ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டு மோதினார்கள். சங்கிலி அடியில் பைப்பரின் காது பாதிக்கப்பட்டு, அந்தக் காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறைந்தது. யார் ஜெயிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவானதுதான். சங்கிலி அட்டையில் செய்ததல்ல. அப்பா இருந்திருந்தால் இந்த ஆட்டத்தைக் காட்டியிருப்பேன்.

அந்தக் காலத்துக்குப் பல்லாண்டு பாடும் எண்ணம் எனக்கில்லை. புரமோட்டர் வைத்ததே சட்டம். குஸ்திக்காரருக்குக் காப்பீடும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. வெளிநாட்டார் என்றாலே வில்லன் என்பதும் சலிப்பூட்டும் வழக்கம். டல்லாஸின் கதை இவற்றைவிடக் கொடியது. நாஜி வேடம் போட்டுப் பெயரெடுத்த ஃப்ரிட்ஸ், பிற்காலத்தில் தன் மகன்களை டெக்சாஸின் செல்லப்பிள்ளைகளாக்கி அரங்குகளை நிரப்பினார். 1982 கிறிஸ்துமஸ் இரவில் மகன் கெர்ரியின் தலையில் டெர்ரி கார்டி என்ற குஸ்திக்காரர் கூண்டுக் கதவை அறைந்து சாத்தியபோது மூண்ட பகை, அந்த ஊருக்குக் குடும்ப விவகாரம் போல ஆகிவிட்டது. 1984 பிப்ரவரியில் இன்னொரு மகன் டேவிட் ஜப்பான் பயணத்தில் 25 வயதில் இறந்தார். ஒரு மகன் சிறுவயதிலேயே விபத்தில் இறந்திருந்தான். டேவிட்டுக்குப் பிறகு மைக், கிறிஸ், கெர்ரி மூவரும் 1993க்குள் தற்கொலை செய்துகொண்டார்கள். ஆறு மகன்களில் கெவின் ஒருவரே எஞ்சினார். அந்த ஒளிப்பதிவுகளில் கெர்ரி சிரித்துக்கொண்டு ஓடிவரும் காட்சியை என்னால் இப்போது முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

இனி மக்மேன்கள். காஃப்மன் தன் யோசனையோடு முதலில் போனது நியூயார்க்கின் பெரிய மக்மேனிடம். சினிமா, டிவி ஆட்களைக் குஸ்திக்குள் விட அவர் சம்மதிக்கவில்லை. அதன் பிறகுதான் காஃப்மன் மெம்ஃபிஸுக்குப் போனார். 1982இல் தந்தையிடமிருந்து டபிள்யூ டபிள்யூ எஃப் நிறுவனத்தை வாங்கிய மகன் வின்ஸ் மக்மேனோ, தந்தை வேண்டாம் என்றதையே மூலதனமாக்கினார். மற்றவர்களின் டெரிடரிகளில் தொலைக்காட்சி நேரத்தை விலைக்கு வாங்கி, அவர்களுடைய நட்சத்திரங்களையும் ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டார். 1983 டிசம்பர் 26 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பட்டம் வைத்திருந்த பாப் பாக்லண்ட், அயர்ன் ஷேக்கின் பிடியில் சிக்கியும் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் தவிக்க, அவருடைய மேலாளர் துண்டை வீசி ஆட்டத்தை முடித்தார். பாக்லண்டின் மானத்தைக் காத்த அந்தத் துண்டு, பழைய உலகின் கடைசி நாகரிகங்களில் ஒன்றாக எனக்குப் படுகிறது. நான்கு வாரங்கள் கழித்து, 1984 ஜனவரி 23 அன்று, அதே களத்தில் ஹோகன் ஷேக்கை ஆறு நிமிடத்துக்குள் முடித்தார். அடுத்த ஆண்டு மார்ச் 31 அன்று, மகன் மக்மேன் நடத்திய பெருநிகழ்ச்சியான முதல் ரெஸில்மேனியாவின் தலைமை ஆட்டத்தில் நடிகர் மிஸ்டர் டி குஸ்தி போட்டார்.

மகன் மக்மேன் இல்லாவிட்டால் குஸ்தி எங்கள் ஊர் கேபிள் டிவிக்கு வந்திருக்காது, என்னிடம் ட்ரம்ப் கார்டும் இருந்திருக்காது. அந்த நன்றியை மறக்கவில்லை. ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே கதை என்றான பிறகு, எந்த ஊருக்கும் அது சொந்தக் கதையாக இல்லாமல் போயிற்று.

இதை ரசிகர்கள் உடனடியாகவே உணர்ந்தார்கள். டபிள்யூ டி பி எஸ் அலைவரிசையில் சனிக்கிழமை மாலை 6:05க்கு ஜார்ஜியா டெரிடரியின் குஸ்தியைப் பார்ப்பது பல வீடுகளின் வழக்கம். 1984 ஜூலை 14 அன்று அந்த நேரத்துக்கு டிவியைப் போட்டவர்கள் முன்னால், பழகிய வர்ணனையாளர் கார்டன் சோலியின் குரலும் இல்லை, பழகிய களமும் இல்லை. வின்ஸ் மக்மேன் நின்றுகொண்டிருந்தார். ஜார்ஜியா நிறுவனத்தின் பங்குகளை விலைக்கு வாங்கி நிகழ்ச்சியையே அவர் கைப்பற்றியிருந்தார். 'கருப்புச் சனி' என்று இன்றும் அழைக்கப்படும் அந்த நாளுக்குப் பிறகு, எங்கள் குஸ்தி எங்கே என்று கேட்டு நிலையத்துக்குப் புகார்கள் குவிந்தன. தன் பங்கை விற்காமல் முரண்டு பிடித்த பங்குதாரர் ஓலே ஆண்டர்சனுக்கு, நிலையத்தின் உரிமையாளர் டெட் டர்னர் வேறொரு நேரம் ஒதுக்கித் தர வேண்டியிருந்தது. கிடைத்தது சனிக்கிழமை அதிகாலை. அந்த நேரத்துக்கும் அலாரம் வைத்து எழுந்து பார்த்தவர்கள் இருந்தார்கள்.