நார்க்கழிவை அப்படியே உழுதுவிட்டால் யூரியா மிச்சமா?

"மஞ்சி மில்லில் கிடைக்கும் நார்க்கழிவை ஏக்கருக்கு ரெண்டு லோடு கொட்டி உழுதால் போதும், ஈரமும் நிற்கும், யூரியாவும் மிச்சம்." பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. மஞ்சி மில் என்பது தேங்காய் மட்டையில் நார் பிரிக்கும் ஆலை, அங்கே மிஞ்சும் தூள்தான் நார்க்கழிவு. ஈரம் பற்றிச் சொன்னது சரி. நார்க்கழிவு தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். யூரியா மிச்சம் என்பதுதான் தவறு.

மக்காத பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (யூரியா தரும் நைட்ரஜன்) நூறு பங்குக்கு மேல் கரிமம் இருக்கிறது. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கான தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். தக்காளி நட்டிருந்தால் அடியிலைகள் முதலில் வெளுத்து மஞ்சளாகும், செடி எழும்பாது. இதை நோய் என்று நினைத்து மருந்தடித்தால் காசுக்குத்தான் கேடு.

மக்கவைத்துப் போடுங்கள். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து. நிழலில் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் 100 கிலோ பரப்பி ஒரு புட்டி வித்தைத் தூவவும். அடுத்த 100 கிலோவின் மேல் 1 கிலோ யூரியா. இப்படியே மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு. கையில் பிழிந்தால் ஈரம் தெரியணும், தண்ணீர் ஒழுகக்கூடாது. காயவிட்டால் காளான் பிடிக்காது. பலருக்குக் கெடுவது இங்கேதான். ஒன்றிரண்டு மாதத்தில் கருத்துவிடும், கரிமம்-தழைச்சத்து விகிதமும் 24க்கு 1 என்ற அளவுக்கு இறங்கும்.

தென்னைக்கு மட்டும் பச்சையாகவே மூடாக்குப் போடலாம்: 1.8 மீட்டர் ஆரப் பாத்தியில் 10 செ.மீ. உயரம், மண்ணோடு கலக்காமல். குவியலாகத் தோப்பில் விட்டுவைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும்.